குளோன் நாவலில் கருமுட்டை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மேடம், எனக்கு 27 வயது. கூரியர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அறிவியல் த்ரில்லர் நாவல் ஒன்று எழுதுகிறேன். இதுவரை 240 பக்கம் ஆகியிருக்கிறது. பெயர் சொல்லாத ஒரு நாட்டின் அதிபர் திடீரென்று இறந்துபோகிறார். அதை மறைத்துவிட்டு, அரசாங்கம் ரகசிய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் ஆறே மாதத்தில் அவருடைய குளோனை வளர்த்து நாற்காலியில் உட்காரவைக்கிறது. குளோன் தன் கைரேகையால் ஏவுகணை அறையைத் திறக்கிறான். ஒரு பத்திரிகையாளர் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். அறிவியல் படித்த நண்பர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்? ஒரு அரசாங்கத்தால் இப்படி ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற முடியுமா? கதைச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கதைச் சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். நான் 22 வருடமாகக் கருத்தரிப்பு மையங்களின் லேபில் வேலை செய்கிறேன். கருமுட்டைக்குள் விந்தணுவை ஊசியால் செலுத்துவது என் அன்றாட வேலை. குளோனிங்குக்கும் ஏறத்தாழ இதே மைக்ராஸ்கோப், இதே கண்ணாடி ஊசி, இதே இன்குபேட்டர்தான். அதனால் உங்கள் கதையை ஒரு வாசகியாகவும் படித்தேன், அந்த மேஜையில் உட்காருகிறவளாகவும் படித்தேன்.

ஒரு விஷயம் உடனே கண்ணில் பட்டது. உங்கள் கதையில் ஜெனரல் இருக்கிறார், விஞ்ஞானி இருக்கிறார், கண்ணாடித் தொட்டி இருக்கிறது. ஒரு கருமுட்டைகூட இல்லை. ஒரு கர்ப்பப்பையும் இல்லை. அதிபரின் மனைவியைத் தவிர வேறு பெண்ணே இல்லை. நண்பர்கள் தொட்டியைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். என்னைக் கேட்டால் கதையின் உண்மையான ஓட்டை இதுதான். இதைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானாக நேராகிவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆறு மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். குளோன் என்பது குழந்தையாகத்தான் பிறக்கும். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் 1996 ஜூலை 5-ல் பிறந்த டாலி என்ற குளோன் செம்மறியாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயது வெள்ளைமுக ஆட்டின் மடியிலிருந்து எடுத்த செல்லை, உட்கரு, அதாவது டி.என்.ஏ. இருக்கும் நடுப்பகுதி, நீக்கப்பட்ட இன்னொரு ஆட்டின் முட்டைக்குள் வைத்து, மின் அதிர்ச்சி கொடுத்து ஒட்டவைத்தார்கள். முட்டை கொடுத்ததும் குட்டியைச் சுமந்ததும் கறுப்புமுக ஆடுகள். கறுப்புமுக ஆட்டுக்கு வெள்ளைமுகக் குட்டி பிறந்ததைப் பார்த்ததுமே வேலை பலித்துவிட்டது என்று தெரிந்திருக்கும். அந்தக் குட்டியும் எல்லாக் குட்டிகளையும் போல வளர்ந்துதான் ஆடானது. உங்கள் அதிபருக்கு 58 வயது என்றால், அவருடைய குளோன் அந்த நாற்காலியில் உட்கார 58 வருடம் ஆகும். இறந்தவரை மறைக்க எந்த அரசாங்கமும் அவ்வளவு காலம் காத்திருக்காது.

கைரேகையும் உதவாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கே கைரேகை ஒன்றாக இருப்பதில்லை. கர்ப்பத்தின் 10-வது வாரத்துக்குப் பிறகு விரல் நுனியில் ரேகைகள் உருவாகின்றன. தோல் எந்த வேகத்தில் வளர்கிறது, விரல் எப்படி அழுந்துகிறது என்பதையெல்லாம் பொறுத்து அவை மாறும். டி.என்.ஏ. அவற்றைக் கோடுகோடாக எழுதிவைப்பதில்லை. ஆக, உங்கள் குளோன் விரலை வைத்தால் ஏவுகணை அறை திறக்காது. இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாமல் காட்சியாக மாற்றிப் பாருங்களேன். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கதவு திறக்கவில்லை.

தோற்றத்திலும் அப்படியே. டெக்சாஸில் 2001 டிசம்பரில் பிறந்த முதல் குளோன் பூனையின் பெயர் சிசி. அதன் மூலப் பூனை மூன்று நிறம் கலந்தது. குளோனுக்கு ஆரஞ்சு நிறமே வரவில்லை. பெண் விலங்கின் செல்லில் இருக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்துவிடும். நிறம் தரும் மரபணு எந்த எக்ஸில் இருக்கிறதோ, அது அணைந்த செல்லை எடுத்துக் குளோன் செய்தால் அந்த நிறம் திரும்பி வராமல் போகலாம். பெண் தலைவர் ஒருவரை வைத்து எழுதினால் இந்த வகை நுணுக்கம் பயன்படும்.

சரி, இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். டாலிக்காக 277 முட்டைகளில் செல்லை இணைத்தார்கள். 29 கருக்கள் தேறின. அவற்றை 13 ஆடுகளுக்குள் வைத்தார்கள். ஒன்றே ஒன்று பிறந்தது. அதற்கு 20 வருடம் கழித்து, ஷாங்காயில் குரங்குகளைக் குளோன் செய்தார்கள். 2018 ஜனவரியில் செய்தி வெளியானது. பிறக்காத குரங்குச் சிசுவின் செல்லை வைத்துச் செய்த 79 கருக்களை 21 வாடகைத் தாய்க் குரங்குகளுக்குள் வைத்ததில் இரண்டு குட்டிகள் பிழைத்தன. வளர்ந்த குரங்கின் செல்லை வைத்தும் முயன்றார்கள். 181 கருக்கள், 42 வாடகைத் தாய்கள். பிறந்த இரண்டும் கொஞ்ச நேரத்திலேயே இறந்துபோயின. உங்கள் அதிபர் வளர்ந்த மனிதர், இல்லையா? அப்படியானால் உங்கள் கணக்கு இரண்டாவது கணக்கு.

அந்த எண்களில் குரங்கு இருக்கும் இடத்தில் பெண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் முட்டையை எடுப்பதென்றால் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். மாதவிலக்கின் இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி. இடையிடையே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. வயிறு கனக்கும், உப்பும். கடைசி ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். நாங்கள் அதைப் 'பிக்-அப்' என்போம். பெரும்பாலான நாட்களில் எட்டு, பத்து, பன்னிரண்டு முட்டைகள் கிடைக்கும். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறிப் பெருத்து, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறி ஐ.சி.யு.வுக்குப் போகும் நிலையும் வரும். இதையெல்லாம் தாங்கி வந்த முட்டைகளை என் மேஜையில் எண்ணும்போது குரலைத் தாழ்த்தித்தான் எண்ணுவேன். பக்கத்து அறையில் அந்தப் பெண் அரை மயக்கத்தில் படுத்திருப்பார்.

உங்கள் ஜெனரலுக்கு நூற்றுக்கணக்கில் முட்டைகள் வேண்டும். அப்புறம் பத்துக்கணக்கில் கர்ப்பப்பைகளும் வேண்டும். அவர் எங்கே போவார்?

இந்தக் கேள்விக்குக் கற்பனையிலிருந்து பதில் தேட வேண்டாம். தென்கொரியாவில் நடந்ததைப் படியுங்கள். 2004 பிப்ரவரியில் சோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவைக் குளோன் செய்து அதிலிருந்து ஸ்டெம் செல், அதாவது உடலின் வேறு வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல், எடுத்துவிட்டதாக 'சயின்ஸ்' ஆய்விதழில் அறிவித்தார். குழந்தையை உருவாக்குவது அவர் நோக்கம் அல்ல. கருவை ஐந்தாறு நாள் மட்டும் வளர்த்து, நோயாளிக்கே பொருந்தும் செல்களை எடுப்பதுதான் திட்டம். அடுத்த வருடமே, 11 செல் வரிசைகளை (லேபில் தொடர்ந்து பெருகும் செல் கூட்டங்களை) உருவாக்கிவிட்டதாக இன்னொரு கட்டுரை. நாடே கொண்டாடியது. சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நடப்பதுபோல 2005-ல் அஞ்சல்தலை வெளியிட்டார்கள். அரசாங்கம் அவருக்கு 'உச்ச விஞ்ஞானி' என்று பட்டம் கொடுத்தது, பணத்தைக் கொட்டியது. அதிபரின் அறிவியல் ஆலோசகர் பெயரே 2004 கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இருந்தது.

எல்லாம் பொய். 11 வரிசைகளில் ஒன்றுகூடக் குளோன் கருவிலிருந்து வந்ததில்லை. 2006 ஜனவரி 10-ல் பல்கலைக்கழகக் குழு இறுதி அறிக்கை கொடுத்தது. இரண்டு கட்டுரைகளுமே ஜோடிக்கப்பட்டவை என்று அதில் இருந்தது. அந்த அறிக்கையில் என்னை உலுக்கியது அந்தப் பொய்யைவிட முட்டைக் கணக்கு. முதல் கட்டுரைக்கு 242, இரண்டாவதுக்கு 185 என்று சொல்லியிருந்தார்கள். குழு எண்ணிப் பார்த்தபோது 100-க்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து 2,000-க்கும் மேல் எடுத்திருக்கிறார்கள். சிலருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். லேபில் வேலை செய்த இளம் பெண்களிடமே முட்டை தானப் படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். தன் படிப்பும் வேலையும் யார் கையில் இருக்கிறதோ, அவர் நீட்டும் படிவத்தில் ஒரு மாணவி எப்படி 'மாட்டேன்' என்று எழுதுவாள்?

இந்த முடிச்சு 2004 மே மாதமே அவிழ்ந்திருக்க வேண்டியது. 'நேச்சர்' இதழின் நிருபரிடம் அந்த லேபின் ஆராய்ச்சியாளர் ஒருவர், தானும் முட்டை கொடுத்ததாகச் சொன்னார். பிறகு தொடர்புகொண்டு, தன் ஆங்கிலம் சரியில்லாததால் தவறாகப் புரிந்துவிட்டது, தான் கொடுக்கவில்லை என்றார். இரண்டு பேச்சுக்கும் நடுவே அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது? உங்கள் நாவலில் ஒரு முழு அத்தியாயத்தை அதற்குக் கொடுக்கலாம்.

அரசாங்கத்தால் ரகசியத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். சோலில் அடித்தளத்துக்குக் கீழே ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. எல்லாம் கேமரா வெளிச்சத்தில் நடந்தது. அரசாங்கம் நம்ப விரும்பியது, கேள்வி கேட்கவில்லை, கேட்டவர்கள் தேசத்துரோகி ஆனார்கள். இந்த வகைச் சதிதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. இதில் யாரும் யாருக்கும் ரகசிய உத்தரவு போட வேண்டியதில்லை.

உங்கள் பத்திரிகையாளருக்கும் அங்கே மாதிரி இருக்கிறது. லேபில் முன்பு வேலை செய்த ஒருவர் 2005 ஜூனில் எம்.பி.சி. தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சிக்குத் தகவல் கொடுத்தார். முட்டை விவகாரத்தை நவம்பரில் ஒளிபரப்பினார்கள். மக்கள் கோபம் பேராசிரியர் மேல் பாயவில்லை, சேனல் மேல் பாய்ந்தது. விளம்பரதாரர்கள் ஓடினார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் 'எங்கள் முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று முன்வந்தார்கள். நிருபர்கள் தரப்பிலும் தவறு இருந்தது. அமெரிக்காவில் இருந்த ஓர் ஆராய்ச்சியாளரை மிரட்டிப் பேசவைத்திருக்கிறார்கள். அது வெளியே வந்ததும் டிசம்பர் 4-ல் சேனல் மன்னிப்புக் கேட்டது. கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், இளம் உயிரியலாளர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் பெயர் போடாத ஒருவர் கட்டுரையின் படங்களை எடுத்துப் போட்டார். வேறு வேறு செல் வரிசை என்று சொல்லப்பட்ட படங்களில் ஒரே படம் திரும்பத் திரும்ப வந்திருந்தது. அடுத்த சில நாட்களில் எல்லாம் சரிந்தது. உங்கள் பத்திரிகையாளர் அப்பழுக்கில்லாதவராக இருக்க வேண்டாம். தவறு செய்து, தோற்று, ஊர் பேர் தெரியாத ஒரு மாணவனால் காப்பாற்றப்படட்டும்.

இன்னொரு திருப்பமும் உண்டு. 2004-ல் அறிவித்த முதல் செல் வரிசை குளோன் அல்ல என்று தெரிந்தது சரி, அப்படியென்றால் அது என்ன? ஹார்வர்டு குழு ஒன்று 2007-ல் பதில் சொன்னது. விந்தணு இல்லாமல் முட்டை தானாகவே பிளந்து வளர ஆரம்பித்த கருவிலிருந்து வந்த செல்கள் அவை. மனிதரில் அதுவே ஒரு சாதனை. பொய்யான சாதனைக்குப் பின்னால் ஓடியவர் கையில் உண்மையான சாதனை இருந்தது, அவருக்கே தெரியவில்லை. உங்கள் விஞ்ஞானியைக் கொடூர வில்லனாக எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்.

இப்போது கதைக்கு ஒரு மாற்று சொல்கிறேன். அதிபர் இறக்கவில்லை, தீராத நோயில் இருக்கிறார். அவருக்குப் பொருந்தும் செல்களுக்காக அவரையே குளோன் செய்து கரு உருவாக்க உத்தரவு. குழந்தை தேவையில்லை, ஐந்தாறு நாள் கரு போதும். காலம் 2003 முதல் 2005 வரை இருக்கட்டும். 2007-ல் முதிர்ந்த தோல் செல்லையே ஸ்டெம் செல்லாகத் திருப்பும் வழியை ஜப்பானின் யமனாகா மனிதச் செல்லில் செய்துகாட்டிவிட்டார். அதற்குப் பிறகு முட்டை தேடி அலைய வேண்டிய அவசியம் குறைந்துபோயிற்று. மனிதக் குளோன் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுப்பது நிஜமாகவே நடந்தது 2013-ல், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில். உங்கள் கதை அதற்கு முன்னால் நடக்கிறது என்பதால், விஞ்ஞானி தோற்றுக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு தோல்விக்கும் இன்னும் கொஞ்சம் முட்டைகள் வேண்டும். பிறகு யாரோ ஒருவர், ஒரே ஒரு கருவை அழிக்காமல் ஒரு பெண்ணின் கர்ப்பப்பையில் வைத்துவிடுகிறார். கதை அங்கே தொடங்கட்டும்.

பத்திரிகையாளர் எப்படி நிரூபிப்பார்? 2002 டிசம்பரில் குளோனெய்ட் என்ற நிறுவனம் முதல் குளோன் குழந்தை பிறந்துவிட்டது என்று உலகத்துக்கே அறிவித்தது. டி.என்.ஏ. பரிசோதனைக்குக் குழந்தையைக் கொடுக்கவே இல்லை. கொடுத்திருந்தால் சில நாளில் தெரிந்திருக்கும். உங்கள் கதையில் சோதனை நடக்கட்டும், அதற்குள் ஒரு திறவுகோல் இருக்கிறது. செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. குழந்தைக்கும் அதிபருக்கும் ஒன்றாக இருக்கும். உட்கருவுக்கு வெளியே, செல்லுக்குள்ளேயே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பில் தனியாக 37 மரபணுக்கள் இருக்கின்றன. அவை முட்டை கொடுத்தவளிடமிருந்து வரும். டாலியையும் சோதித்தார்கள். அவளுடைய மைட்டோகாண்ட்ரியா கறுப்புமுக ஆட்டினுடையது.

புரிகிறதா, தம்பி? அதிபரின் நகலுக்குள், ஒவ்வொரு செல்லிலும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் அடையாளம் இருக்கிறது. அரசாங்கம் கோப்புகளை எரிக்கலாம், அதை எரிக்க முடியாது. பத்திரிகையாளர் அந்த இழையைப் பிடித்து நடந்தால் அவளுடைய தாய், சகோதரி, சகோதரி மகள் என்று தாய்வழிக் குடும்பத்துக்குப் போய்ச் சேருவார்.

அவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள்? நம் ஊரிலேயே 2022-ல் ஈரோட்டுச் செய்தி வந்தது. 16 வயதுச் சிறுமியிடம் போலி ஆதார் வைத்து வயதைக் கூட்டிக்காட்டி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்றிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு லேபில் கை ஓடவில்லை. 2021-ல் வந்த சட்டப்படி நம் நாட்டில் 23 முதல் 35 வயதுக்குள் உள்ள பெண், வாழ்நாளில் ஒரே ஒரு முறை முட்டை தானம் செய்யலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. மனிதரைக் குளோன் செய்து பிறக்கவைப்பதை ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் அடியோடு தடைசெய்கிறது. ஆனாலும் வறுமையும் ஏஜென்ட்டும் இருக்கும் இடத்தில் இப்படியும் நடக்கிறது. உங்கள் ஜெனரலுக்குத் தனிப்படை தேவையில்லை. ஓர் ஏஜென்ட்டின் போன் நம்பர் போதும்.

பிறந்த குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். அவனைப் பிசாசாகவோ ஆத்மா இல்லாத பொம்மையாகவோ எழுதாதீர்கள். அவன் தாமதமாகப் பிறந்த ஓர் இரட்டையன், அவ்வளவுதான். அவனுக்குப் பசிக்கும், பல் முளைக்கும், பள்ளிக்கூடத்தில் அழுவான். எங்கள் மையத்தில் டெஸ்ட் டியூப் முறையில் பிறந்த பிள்ளைகளை, முன்பெல்லாம் சொந்தக்காரர்களே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைப் பக்கத்திலிருந்து கண்டவள் என்பதால் கேட்கிறேன்.

முதல் அத்தியாயத்தை மாற்றச் சொல்வேன். அதிபர் மாளிகை வேண்டாம். ஒரு சின்ன மருத்துவமனை, காலை ஆறரை மணி. பிக்-அப் நாள். மெலிந்த பெண் ஒருத்தி பச்சை கவுனில் படுத்திருக்கிறாள். நர்ஸ் கோப்பைப் பார்த்துப் பெயர் கேட்கிறாள், அவள் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சொல்கிறாள். வயது 24 என்று எழுதியிருக்கிறது, முகத்தில் அந்த வயது இல்லை. தானம் செய்வது முதல் முறை என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது. மயக்க மருந்து ஏற்றப்போகும்போது அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்கிறாள்: "அக்கா, போன தடவை மாதிரி இந்தத் தடவையும் வலிக்குமா?"